53 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலைப் பார்த்துவிட்டு உயிரோடு மேலே வருவது எப்படி? உடம்பையே சோதனைக்கூடமாக்கிய ஹால்டேனின் கதை

சென்னை கொட்டிவாக்கம் கடற்கரையில் நின்று பார்த்தால் அலையும் மீன்பிடிப் படகும்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது? பெரும்பாலும் மணல், சேறு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இருப்பது மாதிரி பவளப்பாறைகள் இங்கே கிடையாது.

இப்படிப்பட்ட கடலடியில் கெட்டியான பொருள் ஒன்று போய் விழுந்தால் போதும். முதலில் பாசி ஒட்டும், அப்புறம் சிப்பி ஒட்டும், சிறு மீன்கள் ஒதுங்கும், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வரும். மீனவர்கள் பார் என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பார் அமைப்பதும் இந்தக் கணக்கில்தான். மூழ்கிய கப்பலும் நாளடைவில் ஒரு செயற்கைப் பார்தான். யாரும் திட்டமிடாத பார், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்குக் கொஞ்சம் தெற்கே, இலங்கையின் மட்டக்களப்புக்கு எதிரே அப்படி ஒரு பெரிய பார் இருக்கிறது. அதன் பெயர் ஹெச்.எம்.எஸ். ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் மூழ்கியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அதே வாரத்தில்தான் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மெட்ராஸ் நகரம் காலியானது. மிருகக்காட்சிசாலையில் இருந்த ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கலாம்.

ஹெர்மிஸ் இன்று சுமார் 53 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. 18 மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகக் கடலுக்குள் சொருகினால் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழம். களவா, பாரை என்று மீன் கூட்டம் மொய்க்கும் இடம். உலகம் முழுவதிலுமிருந்து ஸ்கூபா டைவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்குக்கு உலக அளவில் வைத்திருக்கும் எல்லை 40 மீட்டர். ஆரம்பநிலைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 18 மீட்டர்தான். ஹெர்மிஸ் அதையெல்லாம் தாண்டிய ஆழம். அங்கே போகிறவர் 20 நிமிடம் கப்பலைச் சுற்றினால், மேலே வரும் வழியில் அங்கங்கே நின்று நின்று வர அதே அளவு நேரமோ அதைவிட அதிகமோ செலவிட வேண்டும். நடுக்கடலில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்க வேண்டும். மேலே படகு கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் போகக் கூடாது.

ஏன் போகக் கூடாது? எத்தனை நிமிடம் தொங்க வேண்டும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு அப்பாவும் மகனும் தங்கள் உடம்பை அடகு வைத்தார்கள். அப்பா பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மகன், உலகம் முழுக்க ஜே.பி.எஸ். என்றே அறியப்பட்ட ஜே.பி.எஸ். ஹால்டேன். மகன் கடைசியில் இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரில் இறந்தார்.

கோலி சோடாவும் ஆழ்கடலும்

கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன அறிவியல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 53 மீட்டரில் தரையில் இருப்பதைப் போல 6 மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன், ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து ஊறிப் போகிறது.

கீழே இருக்கும்வரை பெரிய பிரச்னை இல்லை. மேலே வரும்போதுதான் வினை. கோலி சோடாவின் குண்டைத் தட்டினதும் என்ன ஆகிறது? பொங்குகிறது இல்லையா? அதேதான். வேகமாக மேலே வந்தால் கரைந்திருந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாகப் பொங்கும். மூட்டில் குமிழி வந்தால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் வந்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போகலாம். உயிரும் போகலாம். டைவர்கள் இதை பெண்ட்ஸ் என்பார்கள்.

19-ம் நூற்றாண்டில் பாலத்துக்கு அடித்தளம் போட அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிக்குள் ஆற்றடியில் வேலை செய்த தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக இதற்குப் பலியானார்கள். கடற்படை முக்குளிப்பவர்களுக்கும் அதே கதி. மெதுவாக, ஒரே சீராக மேலே வா என்பதுதான் அன்று தெரிந்த ஒரே வைத்தியம். அது தப்பு வைத்தியம் என்று காட்டியவர் அப்பா ஹால்டேன்.

85 ஆடுகள், ஒரு விதி

ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆக்ஸ்போர்டில் உடலியங்கியல் விஞ்ஞானி. சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு குருவியைக் கூண்டில் கொண்டுபோங்கள் என்று சொன்னவர் இவர்தான். மனுசனுக்கு மயக்கம் வருவதற்கு முன்பே கேனரி குருவி சாய்ந்துவிடும். ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை இவரிடம் முக்குளிப்புப் பிரச்னையைக் கொடுத்தது. லண்டனில் ஒரு அழுத்த அறைக்குள் ஆடுகளை ஏற்றினார். மொத்தம் 85 ஆடுகள். ஏன் ஆடு? ஆட்டுக்கு மூட்டு வலித்தால் காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். வெளியே நிற்கிறவர் பார்த்ததும் புரிந்துவிடும்.

10 மீட்டர் ஆழம்வரை, அதாவது இரண்டு வளிமண்டல அழுத்தம்வரை போனவர்கள், எவ்வளவு நேரம் இருந்துவிட்டு எவ்வளவு வேகமாக மேலே வந்தாலும் பெண்ட்ஸ் வருவதில்லை என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் அழுத்தம் பாதியாகக் குறைவதை உடம்பு தாங்குகிறது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வரலாம் என்றால், ஆறிலிருந்து மூன்றுக்கும் வரலாம். ஆழத்தில் மெதுவாக நகர்ந்தால் நைட்ரஜன் இன்னும்தான் ஊறும். எனவே ஆழமான பகுதியைச் சுருக்காகக் கடந்து, மேற்பரப்புக்குப் பக்கத்தில் படிப்படியாக நின்று நின்று வர வேண்டும்.

உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பதும் அவர் கணக்கில் இருந்தது. ரத்தம் சீக்கிரம் ஏற்கும், கொழுப்பு மெதுவாக ஏற்கும். இதற்காக உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். 1908-ல் இந்த ஆய்வும் அட்டவணைகளும் வெளியாயின. இன்று டைவர்களின் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் செய்வது இதே வேலையைத்தான். ஐந்துக்குப் பதில் 16 வகைத் திசுக்கள், கொஞ்சம் கறாரான எல்லைகள். அடிப்படை அதே ஹால்டேன் முறை.

இந்தக் கணக்கு கடலில் நிற்குமா? நின்றது. ஹால்டேனுடன் சேர்ந்து வேலை செய்த கடற்படை அதிகாரி கைபன் டாமண்ட், 1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் 64 மீட்டர்வரை இறங்கித் திரும்பினார். முதல் உலகப் போரில் அயர்லாந்துக்கு அருகே தங்கக் கட்டிகளோடு மூழ்கிய லாரன்டிக் கப்பலில் இருந்து தங்கத்தை எடுக்கும் வேலையும் பின்னால் அவரிடமே போனது. கப்பல் கிடந்தது சுமார் 40 மீட்டர் ஆழத்தில். 1917 முதல் 1924 வரை நடந்த வேலையில் 3,211 கட்டிகளில் 3,186 மேலே வந்துவிட்டன. ஆயிரக்கணக்கான முறை முக்குளித்தும் அந்தக் குழுவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

13 வயதில் கடலடியில்

1892 நவம்பர் 5-ம் தேதி பிறந்த மகனுக்கு வீடே சோதனைக்கூடம். அப்பா அவனுடைய ரத்தத்தை எடுத்துச் சோதிப்பார். வாயுக்களைச் சுவாசிக்க வைப்பார். ஒருமுறை சுரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், மீத்தேன் தேங்கியிருந்த இடத்தில் நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு மூச்சு வாங்கிக் கால் தள்ளாடி விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு சரியானது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் நிற்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்திய விதம் அது. இந்தக் காலத்தில் இப்படிச் செய்தால் குழந்தைகள் நல அதிகாரி வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

1906-ல் அந்த ஸ்காட்லாந்துச் சோதனைகளின்போது 13 வயது ஜே.பி.எஸ்ஸையும் அப்பா கடலில் இறக்கினார். அன்று ஸ்கூபா கிடையாது. செம்புத் தலைக்கவசம், கனமான ரப்பர் உடை, மேலே இருந்து பம்ப் வழியாக வரும் காற்று. உடை பெரியவர்களுக்குத் தைத்தது. பையனின் மெல்லிய மணிக்கட்டைச் சுற்றி இடைவெளி. அது வழியாக உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. தண்ணீர் நெஞ்சுவரை வந்துவிட்ட நிலையிலும் பதறாமல் காற்று வால்வைச் சரிசெய்து சமாளித்து மேலே வந்தான். பயத்தை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாத அவருடைய குணம் அன்றே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு. படித்தது கணிதமும், கிரேக்க–லத்தீன் இலக்கியமும் தத்துவமும். அறிவியலில் அவருக்குக் கடைசிவரை ஒரு பட்டம்கூடக் கிடையாது. 1915-ல் ஜெர்மனி ஈப்ரஸ் போர்முனையில் குளோரின் வாயுவை ஏவியதும், பிளாக் வாட்ச் படைப்பிரிவில் இருந்த மகனை அப்பா வரவழைத்தார். குளோரின் நிரப்பிய கண்ணாடி அறைக்குள் முகக்கவசம் போட்டும் போடாமலும் இருவரும் மாறி மாறிச் சோதித்தார்கள். அதே போரில் இரண்டு முறை காயம்பட்டார். இரண்டாவது காயம் ஆறுவதற்கு அவர் அனுப்பப்பட்ட நாடு இந்தியா. ஆளும் வெள்ளைக்காரனாக இல்லாமல், இங்குள்ளவர்களோடு சமமாகப் பழக முடிகிற காலத்தில்தான் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்தது.

போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ், 1933 முதல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபியலையும் கணிதத்தால் இணைத்த மூவரில் ஒருவர் ஹால்டேன். மற்ற இருவர் ஃபிஷரும் ரைட்டும். உயிர் எப்படித் தோன்றியது என்பது பற்றி 1929-ல் அவர் எழுதிய கருத்து இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உடம்புக்குள் கருவை வளர்க்கத் தேவையில்லாத காலம் வரும் என்று 1924-லேயே எழுதினார். நீட் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கடலோடு அவருக்கு இருந்த கணக்கைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

99 பேர் இறந்த அந்த நாள்

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்துக்குப் போனது. உள்ளே 103 பேர். கடற்படையினர் மட்டுமல்ல, கப்பலைக் கட்டிய தளத்தின் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

டார்பிடோ குழாயின் வெளிக்கதவு கடலுக்குத் திறந்திருந்தபோதே உள்கதவைத் திறந்துவிட்டார்கள். குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த சின்னத் துளையைப் பெயிண்ட் அடைத்திருந்ததால், தண்ணீர் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு துளி பெயிண்ட். கப்பலின் மூக்கு கடலடியில் குத்தி நின்றது, வால் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கண்ணெதிரே தெரிந்தும் காப்பாற்ற முடியவில்லை. நான்கு பேர் மட்டும் வெளியே வந்தார்கள். 99 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது கடல் தண்ணீர் இல்லை, அவர்களே வெளிவிட்ட கரியமில வாயு.

இறந்த தொழிலாளர்களுக்காக அவர்களுடைய தொழிற்சங்கம் ஒரு விஞ்ஞானியைத் தேடியது. இடதுசாரிச் சார்புக்குப் பெயர்போன ஹால்டேனிடம் போனது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவை எதிர்த்துப் போராடித் திரும்பிய சர்வதேசப் படை வீரர்கள் நான்கு பேரை அவர் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். முக்குளிப்புக் கருவிகள் தயாரிக்கும் சீபி கோர்மன் நிறுவனத்தின் இரும்பு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தீட்டிஸில் இருந்தவர்கள் சுவாசித்த காற்று எப்படிக் கெட்டதோ அதே அளவுக்குத் தாங்களும் சுவாசித்துப் பார்த்தார்கள். தலை வெடிக்கிற வலி, வாந்தி, நிதானமிழப்பு. இந்த நிலையில் ஒருவன் தப்பிக்கும் கருவியைச் சரியாக மாட்டிக்கொள்ள முடியுமா? முடியாது என்பதைத் தங்கள் உடம்பைக் காட்டியே நிரூபித்தார்கள்.

கடற்படை இதைக் கவனித்தது. போர் தொடங்கியதும் அவரையே வேலைக்கு அழைத்தது. கம்யூனிஸ்ட் பத்திரிகையான டெய்லி வொர்க்கரின் ஆசிரியர் குழுத் தலைவராக இருந்தவருக்கு ராணுவ ரகசிய வேலை. அரசுக்கு வேறு வழி இல்லை. இப்படிப்பட்ட அறைக்குள் தானாகப் போய் உட்காருகிற விஞ்ஞானி வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

அறைக்குள் என்ன நடந்தது?

இன்று ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குப் போகும் டைவர் பயப்பட வேண்டிய விஷயங்கள் மூன்று. ஒன்று, மேலே வரும்போது வரும் பெண்ட்ஸ். மற்ற இரண்டு கீழே இருக்கும்போதே தாக்குபவை. அந்த இரண்டோடும்தான் மகன் ஹால்டேன் மல்லுக்கட்டினார்.

முதலாவது நைட்ரஜன் போதை. சாதாரணக் காற்றையே 30 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் லேசாகச் சாராயம் குடித்த மாதிரி ஆகிவிடும். ஆழம் கூடக் கூடப் போதை கூடும். ஹால்டேனும் அவருடைய சக ஆய்வாளர் மார்ட்டின் கேஸும் பத்து வளிமண்டல அழுத்தம்வரை போனார்கள். அது 90 மீட்டர் ஆழத்துக்குச் சமம். அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சின்னச் சின்ன இரும்பு உருண்டைகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் விளையாட்டு மாதிரியான சோதனை செய்தார்கள். சிலர் காரணமில்லாமல் சிரித்தார்கள், சிலர் தாங்கள் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்து சுவாசித்தால் போதை இல்லை என்பதையும் சோதித்தார்கள். ஹெர்மிஸ் போன்ற ஆழங்களுக்குப் போகும் தொழில்நுட்ப டைவர்கள் சிலிண்டரில் ஹீலியம் கலந்து எடுத்துப்போவது இதனால்தான்.

குளிரில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டாமா? ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு அதே அழுத்தத்தில் சோதனை. அவருக்கு அப்போது வயது 50-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது விஷயம் கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆக்ஸிஜனே விஷம். அழுத்தம் கூடினால் சுத்த ஆக்ஸிஜன் மூளையைத் தாக்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பை உண்டாக்கும். வாயில் கடித்திருக்கும் சுவாசக் குழாய் நழுவினால் தண்ணீருக்கடியில் அத்தோடு முடிந்தது. எதிரித் துறைமுகத்துக்குள் குமிழி விடாமல் நீந்த வேண்டிய வீரர்களுக்குச் சுத்த ஆக்ஸிஜன்தான் கொடுத்தார்கள். எவ்வளவு ஆழம்வரை, எத்தனை நிமிடம்? யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, வலிப்பு வரும்வரை சுவாசிப்பது. ஹால்டேன் சுவாசித்தார். அவருடைய ஆய்வு மாணவியாக இருந்து பிறகு மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் சுவாசித்தார். ஒருவர் பின் ஒருவராக வலிப்பு வந்து விழுந்தார்கள். அப்படி ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்பின் சில கண்ணிகள் நொறுங்கின. அந்த வலி வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தது. இடுப்புக்குப் பின்னால் ஒரு பகுதியில் உணர்ச்சியே போய்விட்டது. அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் செவிப்பறையில் ஓட்டை விழுந்தது. புகைபிடித்தால் காது வழியாகப் புகை வரும். நாலு பேர் கூடிய இடத்தில் இது ஒரு வித்தை என்று அதையும் கேலியாகச் சொல்லிக்கொள்வார்.

நிறமும் மணமும் சுவையும் இல்லாதது ஆக்ஸிஜன் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். உயர் அழுத்தத்தில் அதற்குச் சுவை உண்டு என்று நாக்கால் கண்டுபிடித்தவரும் இவர்தான்.

இந்த ஆய்வுகள் பிரிட்டனின் குட்டி நீர்மூழ்கிகளுக்கும் கடலடி வீரர்களுக்கும் பயன்பட்டன. போர் முடிந்த பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் கூஸ்டோவும் கன்யானும் 1943-ல் உருவாக்கிய அக்வாலங் சாதாரண மக்களிடம் வந்தது. அதுதான் இன்றைய ஸ்கூபா. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் கடலடிக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது, எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லைக்கோடுகளில் பல ஏற்கெனவே போடப்பட்டிருந்தன.

ஆடுகளின் மீது சோதனை நடத்தியது சரியா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மகன் ஹால்டேன் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறு யாரையும் அனுப்புவதற்கு முன் அவரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

கணக்கு தெரிந்தும் ஏன் இன்னும் பாதிப்பு?

தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் முத்துக்குளித்தவர்கள், சங்கு குளித்தவர்கள் பல தலைமுறையாக மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். ஒரே ஒரு மூச்சுக் காற்று. சில நிமிடங்களுக்குள் மேலே வந்துவிடுவார்கள். நைட்ரஜன் ஊற நேரமே இல்லை. அதனால் பெண்ட்ஸ் அவர்களுக்குப் பெரிய எதிரியாக இருக்கவில்லை.

கம்ப்ரஸர் குழாயும் சிலிண்டரும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சங்குக்கும் கடல் அட்டைக்கும் மணிக்கணக்கில் அடியில் இருக்க முடிகிறது. எடை போட்டுக் காசு கிடைக்கும் தொழில். மேலே வரும் வழியில் நின்றால் நேரம் போகும், ஒரு நாளைக்கு இறங்கும் முறை குறையும். அட்டவணையைப் பார்க்கப் பயிற்சி கிடையாது, பார்க்கிற மாதிரி கூலியும் கிடையாது. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் இந்தத் தொழிலில் உள்ள இளைஞர்கள் மூட்டு வலியோடும், சில நேரம் கால் வராமலும் கரை திரும்புவது இதனால்தான். அப்படி வந்தவரை உடனே அழுத்த அறைக்குள் வைத்து, திரும்பவும் அழுத்தத்தை ஏற்றி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். அந்த வசதி பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1908-லேயே விடை கிடைத்துவிட்ட கணக்குக்கு இவர்கள் இன்னும் உடம்பால் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொகுசாக டைவ் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண 18 மீட்டர் டைவில்கூட மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்வார்கள். டைவ் முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பார்கள். மேலே போகப் போக அழுத்தம் இன்னும் குறையும். பயிற்சியாளர் சும்மா கெடுபிடி செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். மூழ்கிய கப்பலுக்குள் நுழைவது தனிப் பயிற்சி இல்லாமல் செய்யவே கூடாதது. அதோடு ஹெர்மிஸ் 307 பேர் இறந்த இடம்; அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

காலுறையை உதறிவிட்டு இந்தியாவுக்கு

1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய்மீது பிரிட்டன் படையெடுத்ததை ஹால்டேன் கடுமையாக எதிர்த்தார். அதே சமயத்தில் ஹெலன் ஒரு போலீஸ் நாயின் வாலை மிதித்த வழக்கில் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போய்வந்தார். கேட்டால் சினிமா காமெடி மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது. 1957-ல் இருவரும் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார்கள். ஏன் இந்தியா என்று கேட்டவர்களுக்கு, 60 வருடம் காலுறை போட்டதே போதும் என்கிற மாதிரியும் ஒரு காரணம் சொல்லிவைத்தார்.

புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ் அழைப்பில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தா, பைஜாமா, சைவச் சாப்பாடு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கினால்தான் விஞ்ஞானம் என்று நினைத்த இளைஞர்களிடம், கண்ணும் நோட்டும் பென்சிலும் போதும் என்று காட்டினார். பூவின் இதழ்களை எண்ணுவது, தென்னை மரத்தின் ஓலைகள் இடப்பக்கம் சுற்றுகிறதா வலப்பக்கமா என்று எண்ணுவது, குளவி எப்போது கூட்டுக்கு வருகிறது என்று குறிப்பது. அவருடைய மாணவர்கள் இப்படி எண்ணியே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

1961-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு கருத்து வேறுபாட்டால் கல்கத்தா நிறுவனத்தைவிட்டு விலகினார். எங்கேயும் யாருக்கும் அடங்காத மனிதர். மேலதிகாரிகளுக்கு அவரோடு நாள் ஓட்டுவது கஷ்டம்தான். ஒடிசா முதல்வர் பிஜு பட்நாயக் கைகொடுக்க, 1962-ல் புவனேஸ்வரில் மரபியல் ஆய்வகம் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. லண்டனில் அறுவை சிகிச்சைக்குப் படுத்தபடியே புற்றுநோயைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினார். ரத்தம் வந்தால் வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போங்கள் என்பதுதான் அதன் சாரம். தன்னுடைய இரங்கல் உரையைத் தானே பேசி பிபிசிக்குப் பதிவுசெய்து கொடுத்துவிட்டு புவனேஸ்வர் திரும்பினார். 1964 டிசம்பர் 1-ம் தேதி, 72-வது வயதில் இறந்தார்.

எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. உடம்பை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். புவனேஸ்வரில் இருந்து கிழக்குக் கடற்கரை ஓரமாகத் தெற்கே வந்து, ஆந்திராவின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அந்த உடல் போய்ச் சேர்ந்தது. அவருடைய எலும்புக்கூடு அந்தக் கல்லூரியிலேயே பாதுகாக்கப்பட்டது.